மேடையில் கேட்ட சம்பந்தம்

என் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எழுத்திலும் சொல்லப்போவதில்லை; இந்த வயதில் புதுப் பழக்கம் எதற்கு? அவர் மேடையில் எந்தெந்தப் பெரியவர்களாக வந்து நின்றாரோ, அவர்கள் பெயரையும் விட்டுவிடுகிறேன். ஒருவர் பெயரைச் சொன்னால் இன்னொருவருக்கு ஆகாது. கிணற்றை எல்லாச் சாதிக்கும் திறந்துவிட்டவர், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தவர், விதவைக் கல்யாணம் நடத்தியவர் என்று சொன்னால் போதும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வோம். "இந்த மாசம் கிணத்துக்காரரா, பள்ளிக்கூடத்துக்காரரா?" என்று கேட்பேன். அதைப் பொறுத்துத்தான் எந்த வேட்டிக்குக் கஞ்சி போடுவது என்று எனக்குத் தெரியும்.

இது பினாங்கில், முப்பதுகளில் நடந்தது. ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஜனங்களைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பிய காலம் ஒருவழியாகத் தீர்ந்து, மிஞ்சியவர்கள் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் கிராணி. பகலெல்லாம் மூட்டைகளுக்குக் கணக்கு எழுதுவார். குவீன் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மளிகைக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் குடித்தனம். மிளகாய் வறுக்கிற நெடியும் கோயில் மணியும் தொழுகைக்கு அழைக்கிற ஓசையும் ஒரே ஜன்னல் வழியாக வரும்.

மனிதர் வீட்டில் பரம சாது. பாசார் சந்தையில் கீரைக்காரியிடம்கூடப் பேரம் பேசத் தெரியாது. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். அதே மனிதர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவுக்கு அடுத்த வாசகசாலைக் கூடத்தில் ஏறி நின்றால் கூடம் கப்சிப் என்று ஆகிவிடும்.

கூட நடிக்க யாரும் கிடையாது. ஒரு பிரம்பு நாற்காலி, ஒரு சால்வை, அவர் ஒருவர், அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்தால் அந்தப் பெரியவர். சால்வையைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு இடதுபுறம் நகர்ந்தால் அவரை எதிர்த்த ஊர்ப் பெரியதனக்காரர். அதே சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டால் ஏதோ ஒரு வீட்டுப் பெண். தாடி சணல் நாரில் செய்தது. அதைச் சோற்றுக் கஞ்சியால் ஒட்டுவோம். பினாங்குப் புழுக்கத்தில் அது அரிக்கிற அரிப்பில் அவர் கண்ணில் தண்ணீர் வரும். ஜனங்கள் அதை உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டு தாங்களும் அழுவார்கள். அப்புறம் அந்தத் தாடியை உரித்தெடுக்க நல்லெண்ணெய் செலவு எனக்கு.

கேலி செய்கிறேனே தவிர, அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஊரிலிருந்து வருகிற புத்தகங்களை வாங்கிப் படிப்பார். போதாதென்று, கப்பலில் வந்து இறங்குகிற வயதானவர்களைத் தேடிப் போய்ப் பேச்சுக்கொடுப்பார். "அவர் என்ன பேசினார்னு புஸ்தகத்துல இருக்கு. எப்படி உக்காந்தார்னு இல்லையே. கையை எங்க வெச்சுக்குவாரு, சோத்தை எப்படிப் பெசைவாரு, அதையெல்லாம் யார்கிட்ட கேக்கறது?" என்பார். ஒரு பெரியவர் கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பாராம். அந்த ஒரு தகவல் கிடைத்த நாளில் இவருக்கு வாயெல்லாம் பல். இரண்டு நாள் வீட்டுக்குள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே திரிந்தார்.

நாடகம் முடிந்ததும் அவர் உள்ளே போய்விட மாட்டார். வேஷத்தோடு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். சபையில் யார் வேண்டுமானாலும் எழுந்து அந்தப் பெரியவரைக் கேள்வி கேட்கலாம். நாற்காலியை விட்டு எழுந்திருக்கிற வரைக்கும் பதில் சொல்வது அந்தப் பெரியவர்தான். இது அவராகக் கண்டுபிடித்த வழக்கம். அதில் அவருக்குப் பெருமை தாங்காது.

கூடத்துக்கு வருகிறவர்கள் வண்டிக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், முனிசிபல் தோட்டிகள், கடைச் சிப்பந்திகள். பக்கத்துத் தெருவிலிருந்து ஜவுளி வியாபாரம் செய்கிற முஸ்லிம் தமிழர்களும் வந்து பின்வரிசையில் உட்காருவார்கள். இவர்களில் பாதிப் பேருக்கு நாடகத்தைவிடக் கேள்வி நேரம்தான் பிடிக்கும். "ஐயா, உங்க காலத்துல அரிசி சல்லிசா இருந்திச்சா?" என்று கேட்பார்கள். "ஐயா, என் சம்சாரம் ஊர்லேர்ந்து வரமாட்டேங்குது, ஒரு வழி சொல்லுங்க" என்பார்கள். எல்லாவற்றுக்கும் பெரியவர் பொறுமையாகப் பதில் சொல்வார்.

ஒரு தடவை கிணற்றுக்காரர் வேஷம். எங்கள் சந்துக் குழாயில் தோட்டி வீட்டுப் பெண்கள் தண்ணீர் பிடிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். "தாராளமாகப் பிடிக்கலாம், தடுப்பவன் முதலில் என்னைத் தடுக்கட்டும்" என்றார் கிணற்றுக்காரர். மறுநாள் விடிந்ததும் அந்தப் பெண்கள் குடத்தோடு குழாயடியில் வரிசையாக நின்றார்கள். யாரோ முணுமுணுத்ததற்கு, "நேத்து சபையில சொல்லியாச்சு லா" என்று பதில் வந்தது. எங்கள் ஜனங்களுக்கு நாலு பேர் நடுவில் சொன்ன சொல் என்றால் சொல்தான். அதை வேஷம் போட்டுக்கொண்டு சொன்னானா, போடாமல் சொன்னானா என்றெல்லாம் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். அன்றைக்கு என் வீட்டுக்காரர் தலைகால் புரியாமல் சந்தோஷப்பட்டார்.

எங்களோடு அவருடைய தங்கை இருந்தாள். அக்கரையில், ஃபெர்ரி ஏறிப் போகிற புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். குழந்தை குட்டி இல்லை. ஒரு தகரப்பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு இருபதைத் தாண்டிச் சில வயதுதான் இருக்கும். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். வாய் ஜாஸ்தி பேசமாட்டாள். பேசினால் நறுக்கென்று இருக்கும். அவளும் நானும் சேர்ந்துகொண்டு என் வீட்டுக்காரரின் சணல் தாடியைக் கிண்டல் செய்து சிரிக்கிற சிரிப்பு கீழே கடை வரைக்கும் கேட்கும். நாத்தனார் என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் என்னென்னவோ அர்த்தம் உண்டு. எனக்கு அவள் கூடப் பிறந்தவள் மாதிரி.

அப்படி இருக்கையில் ஊரிலிருந்து கப்பலில் வந்த ஒருவர் மூலமாகச் சொல்லியனுப்பினார்கள். அவளுடைய மாமியார் பக்கவாதத்தில் படுத்துவிட்டாளாம். தூக்கிப் புரட்ட ஆள் வேண்டுமாம். மருமகள் ஒருத்தி சும்மாதானே பினாங்கில் உட்கார்ந்திருக்கிறாள், அவளை அனுப்பு என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரரின் மூத்த அண்ணனும் அனுப்பத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அண்ணன் என்றால் இவருக்குச் சிம்மசொப்பனம். தகப்பன் இல்லாத பிள்ளையை வளர்த்துப் படிக்கவைத்தவர் அந்த அண்ணன்தான். நாகப்பட்டினம் கப்பலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் செத்த பிறகு ஒரு தரம்கூட எட்டிப் பார்க்காத வீடு அது. போனால் அங்கே சமையற்கட்டு மூலையில் ஆயுசைக் கழிக்க வேண்டியதுதான். அதிலும் வேடிக்கை என்னவென்றால், அந்த மாசம் இவர் தயார்செய்துகொண்டிருந்தது விதவைக் கல்யாணம் நடத்தியவர் வேஷத்தை.

"ஊரான் வீட்டு விதவைக்கு மேடையில கல்யாணம். நம்ம வீட்டு விதவைக்குக் கப்பல் டிக்கெட்டு. நல்லாருக்குங்க உங்க நியாயம்" என்றேன்.

"அது கதை. இது குடும்பம்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நமக்கும் ஒரு பொட்டப்புள்ள இருக்கு. நாளைக்கு அத யாரு கட்டுவா?"

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதனால் தட்டுமுட்டுச் சாமான் மேல் கோபத்தைக் காட்டினேன்.

அவள் பெட்டியில் துணியை அடுக்கினாள். சாயங்காலமானால் இவர் நடு அறையில் ஒத்திகை பார்ப்பார். நாங்கள் இருவரும் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே பார்ப்போம். சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு, அந்தக் கதையில் வருகிற விதவைப் பெண்ணாக அவர் நடந்தார். சுவரோரமாக ஒட்டி நடப்பது, யாராவது எதிரே வந்தால் அரை அடி பின்வாங்கி நிற்பது, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு பேசுவது எல்லாம் அப்படியே அவள்தான். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "நல்லாத்தான் பார்த்து வெச்சிருக்கே, அண்ணே" என்றாள். அவருக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. பெண்கள் பக்கம் வாசலை ஒட்டி இருக்கும். நானும் அவளும் என் குழந்தையும் அங்கே உட்கார்ந்திருந்தோம். கப்பல் அடுத்த வியாழக்கிழமை.

உள்ளதைச் சொல்கிறேன், அன்றைக்கு மாதிரி அவர் என்றைக்கும் நடித்ததில்லை. சாதிக்காரர்கள் வாசலில் நின்று ஏசுகிறார்கள், உறவெல்லாம் விட்டுப் போகிறது, அந்தப் பெரியவர் நாற்காலியை விட்டு அசையாமல் உட்கார்ந்து, "என் வீட்டில் ஒரு பெண் தலைகுனிந்து நிற்கும்போது நான் எந்த ஊரில் தலைநிமிர்ந்து நடப்பேன்?" என்று கேட்கிற இடத்தில், வண்டிக்காரர்கள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் அழுகை வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது.

கேள்வி நேரத்தில் முதலில் எழுந்தவர் துறைமுகத்து மாட்டுவண்டிகளுக்கு மண்டோராக இருந்தவர். கங்காணி மாதிரி ஒரு மேஸ்திரி உத்தியோகம் அது. நல்ல மனுஷர், பெரிய மீசை. தினமும் கிடங்கில் என் வீட்டுக்காரரோடு பழகுகிறவர். எங்கள் ஆட்கள் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் அவர்கள் தெருவும் எங்கள் தெருவும் வேறு வேறு.

"ஐயா சொன்னதெல்லாம் கேட்டோம், ரொம்ப சரி" என்று கைகூப்பினார். "நம்ம வீட்டுலயும் அந்த மாதிரி ஒரு தங்கச்சி இருக்கு. எனக்குத் தம்பி ஒருத்தன் இருக்கான், ஃபெர்ரியில கயிறு போடுற வேலை, நல்ல பையன். சபையில கேக்கறேன். குடுப்பீங்களா?"

'நம்ம வீடு' என்று மண்டோர் சொன்னது எங்கள் வீட்டைத்தான் என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. மேடையில் இருந்தவருக்கும் புரிந்தது. நான் பக்கத்தில் பார்த்தேன். அவள் மடியில் கச்சான் பொட்டலம் இருந்தது. பாதி உரித்த கடலையைக் கையில் பிடித்தபடி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார். அது வேறொரு பெரியவரின் வழக்கம். அன்றைக்குக் குழம்பிப்போய் விதவைக் கல்யாணக்காரர் வேஷத்தில் செய்துவிட்டார். பிறகு அந்தப் பெரியவர் குரலில், "கொடுப்பேன்" என்றார். "என் வீட்டுப் பெண்ணுக்கு இல்லாத நியாயத்தை நான் ஊருக்கு எப்படிச் சொல்வேன்? கொடுப்பேன்."

கைதட்டலில் ஓட்டுக்கூரை அதிர்ந்தது. மண்டோர் மறுபடி கைகூப்பிவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. பசியாறக்கூட இல்லை. என் வீட்டுக்காரர் பனியனும் கைலியுமாக, கன்னத்தில் சணல் நார் இன்னும் ஒட்டியிருக்க, பல் விளக்கிக்கொண்டிருந்தார். மாடிப்படியில் பல காலடிச் சத்தம். மண்டோர், அவர் சம்சாரம், இன்னும் சில உறவுக்காரர்கள், எல்லார் கையிலும் தட்டு. வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், கற்கண்டு, பூ. பின்னால் வெளுத்த சட்டையில், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அந்தத் தம்பி.

"வாங்க, வாங்க" என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? பாய் விரித்தேன்.

என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. "என்ன மண்டோர் அண்ணே, காலையிலேயே?"

"நல்ல காரியத்தத் தள்ளிப் போடக்கூடாது பாருங்க, கிராணி ஐயா. கப்பல் வேற வருதுன்னாங்க. அதான் இன்னைக்கே தட்ட மாத்திக்கலாம்னு."

"அண்ணே..." என்று மென்று விழுங்கினார். "நேத்து அதை நான் சொல்லல. அவர் சொன்னாரு."

"யாரு?"

"அந்தப் பெரியவரு."

மண்டோர் சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே விளங்கவில்லை அவருக்கு. "அவர எங்க போய்ப் பாக்கறது, ஐயா? எங்களுக்கு உங்களத்தான் தெரியும்."

"நீங்க வேற, நாங்க வேற. ஊர்ல அண்ணன் இருக்காரு. உங்களுக்குத் தெரியாததா?"

மண்டோர் சம்சாரம் தட்டைத் தன் பக்கமாக மெல்ல இழுத்துக்கொண்டாள். அந்தக் கை நகர்ந்ததைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் வீட்டுக்காரருக்கும் கூசியிருக்கும். தலை குனிந்துவிட்டார். மனுஷர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்த மனுஷரைப் பலர் நடுவில் பார்க்கிறது பெண்டாட்டிக்குச் சுலபமான காரியம் இல்லை.

அப்போது அவள் கோப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு வந்தாள். பூவும் வெற்றிலையும் வைத்திருக்கிற இடத்துக்கு எங்கள் பக்கத்தில் விதவை வரமாட்டாள். இப்படி எல்லார் முன்னாலும் அவள் வந்து நின்று நான் பார்த்ததே இல்லை. சுவரோரமாகக்கூட வரவில்லை. அறைக்கு நடுவில் நடந்துவந்து ஒவ்வொருவர் முன்னாலும் தம்ளரை வைத்தாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நேத்து குடுக்கறேன்னு சொன்னே. இன்னைக்குக் குடுக்க மாட்டேங்கறே. கப்பல்ல ஏத்தறதும் நீதான். என் நடை, என் பேச்சு எல்லாத்தையும் பார்த்து வெச்சியே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

அவர் கன்னத்து நாரைச் சொறிந்தார்.

மண்டோர் சம்சாரத்துக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்துகொண்டாள். நேராக அந்தத் தம்பியைப் பார்த்தாள். "ஊர்ல உங்களுக்குப் பொண்டாட்டி இருக்கா?"

அந்தக் காலத்து மலாயாவில் இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. அங்கே ஒரு குடும்பத்தை விட்டுவிட்டு இங்கே தாலி கட்டியவர்கள் எத்தனையோ பேர்.

"அதெல்லாம் இல்லம்மா, அவன்..." என்று மண்டோர் ஆரம்பித்தார்.

"அவர் சொல்லட்டும்."

"இல்லீங்க" என்றான் அவன்.

"குடிப்பீங்களா?"

"தீபாவளிக்குக் கள்ளு குடிப்பேன். மத்த நாள்லயும் எப்பவாச்சும்..." மண்டோர் அவனை முறைத்தார். அவன் நிறுத்தவில்லை. "எப்பவாச்சும் குடிப்பேங்க."

"நேத்து மேடையில சொன்னதுனால வந்தீங்களா?"

"அண்ணன் எழுந்து கேப்பாருன்னே எனக்குத் தெரியாதுங்க. உங்கள முன்னாடியே தெரியும். அக்கரையிலேர்ந்து பெட்டியோட வந்தீங்க. மழை. பெட்டிய நான்தான் எறக்கி வெச்சேன். நீங்க பார்க்கல."

அவன் தம்ளரைக் கையில் எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தான். பிறகு, "நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றான். "கப்பல்ல ஊருக்குப் போறீங்கன்னு சொன்னாங்க. போகணும்னு உங்களுக்கு இருக்கா?"

சாதாரணக் கேள்விதான். அதை அவளிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. மாமியார் வீட்டார் கேட்கவில்லை, மூத்தவர் கேட்கவில்லை. விதவைக் கல்யாணம் நடத்தியவர் எங்கள் நடு அறையில் வாரக்கணக்காக உலாத்தினார், அவரும் கேட்கவில்லை. அவள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. புருஷன் செத்து வந்த அன்றைக்குக்கூட எங்கள் முன்னால் அழாதவள்.

"இல்ல" என்றாள். கொஞ்சம் பொறுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்பத் தட்ட எடுத்துட்டுப் போங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை இவரு மட்டும் வெறுங்கையோட வரட்டும். நாங்க பேசணும்."

"வியாழக்கிழமை கப்பலு..." என்றார் என் வீட்டுக்காரர்.

"போகட்டும், அண்ணே" என்றாள்.

அவர்கள் போன பிறகு இவர் நெடுநேரம் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. நல்லெண்ணெயை எடுத்துவந்து கன்னத்து நாரை உரித்துவிட்டேன். குழந்தை மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். "கொடுப்பேன்னு சொன்னப்ப நெசமாத்தான் சொன்னேன்" என்றார். "எறங்கினதும் பயம் வந்திருச்சு." அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

வியாழக்கிழமை கப்பல் ஊதியது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. அவள் தையல் மிஷினில் ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் நிற்கவில்லை. இவர்தான் கிடங்குக்குப் போகாமல் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னபடி வெறுங்கையோடு வந்தான். அவர்கள் இருவரும் நடு அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார்கள். என் வீட்டுக்காரர் என்னோடு சமையற்கட்டில் உட்கார்ந்து, காது அந்தப் பக்கமும் கண் இந்தப் பக்கமுமாக அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். பிஞ்சையெல்லாம் குப்பையில் போட்டு முற்றலைச் சட்டியில் போட்டார். அவன் போனதும் அவள் உள்ளே வந்தாள்.

"சரின்னு சொல்லிட்டேன்" என்றாள்.

அவர் எழுந்து நின்றார். "ஊருக்கு நான் என்ன சொல்வேன்?"

"நீ குடுத்தேன்னு மட்டும் சொல்லாதே. எங்கயும் சொல்லாதே. அது போதும் எனக்கு."

அவர் தலையை ஆட்டினார். மேடையில் அவர் அழுது எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அழுதது வேறு. மூக்கு ஒழுக, பார்க்கவே நன்றாக இல்லாமல் அழுதார். அவள் தன் முந்தானையால் அண்ணன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

கல்யாணம் ஒரு சின்னக் கோயிலில் நடந்தது. எங்கள் ஆட்களில் ஒருவரும் வரவில்லை. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஊரிலிருந்து மூத்தவர், இனி எனக்குத் தம்பி இல்லை என்று சொல்லியனுப்பினார். இவர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. தன்னை வளர்த்த கையல்லவா?

ஆனால் கூடத்து ஜனங்களுக்கு இவர் தெய்வம் ஆகிவிட்டார். மேடையில் சொன்னதை வீட்டில் செய்துகாட்டிய மகான் என்று துறைமுகமெல்லாம் ஒரே பேச்சு. அடுத்த மாசம் பள்ளிக்கூடத்துக்காரர் வேஷம். நாடகம் முடிந்து கேள்வி நேரம் வந்ததும் மண்டோர் ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலையைத் தூக்கிக்கொண்டு மேடையேறினார். "தங்கச்சியைச் சபையில கேட்டோம், சபையில சொன்ன மாதிரியே குடுத்தாரு. இந்த மாலை பெரியவருக்கு இல்ல, நம்ம கிராணி ஐயாவுக்கு" என்றார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

சொந்த பந்தத்தையெல்லாம் இழந்த மனுஷர். அந்த மாலைக்கு அவர் எவ்வளவு ஏங்கியிருப்பார் என்று எனக்குத்தான் தெரியும். பேசாமல் கழுத்தை நீட்டியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். என் பக்கத்தில் என் நாத்தனார், நெற்றியில் குங்குமமும் நீலச் சேலையுமாக, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். மாலையைப் பிடித்த மண்டோர் கையைத் தன் கையால் தடுத்தார்.

"நான் குடுக்கல" என்றார். கூடம் அடங்குவதற்காக ஒருமுறை நிறுத்தினார். "மேடையில சொன்னேன். வீட்டுல மாட்டேன்னேன். மண்டோர் அண்ணனுக்கே அது தெரியும், என் மானத்தைக் காப்பாத்தறதுக்காகச் சொல்லாம இருக்காரு. அவளாத்தான் பேசினா, அவளாத்தான் கட்டிக்கிட்டா. நான் அவளைக் கப்பல்ல ஏத்தப் பார்த்தவன்."

மண்டோர் மாலையை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றுகொள்ள வேண்டும்போல் இருந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து அந்தக் கூடத்தில் அதுவரை யாரும் வாய் திறந்ததில்லை. என் நாத்தனார் எழுந்து நின்றாள்.

"இப்பப் போடுங்க, மாமா" என்றாள்.

மண்டோர் போட்டார்.